எட்டாத இடத்துக்கு ஒரு கிளாரினெட்

போன வாரம் பிரவீனிடமிருந்து வாட்சப்பில் ஒரு படம் வந்தது. கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். கிள்ளானில் ஒரு தேவாலயத்தின் பாட்டுக் குழுவை நடத்துகிறவன் அவன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். திரையில் வரிசையாகப் பட்டன்கள். டிரான்ஸ்கிரைப், டிரான்ஸ்போஸ், அரேஞ்ச், ரிடியூஸ். கீழே அவன் கேள்வி: "ஆன்டி, இதெல்லாம் ஒண்ணுதானே லா? பாட்டை வாத்தியத்துக்கு மாத்துறதுதானே? ஞாயித்துக்கிழமை திருவிழாப் பாட்டு ஒண்ணு சரியாவே வரமாட்டேங்குது. எதை அமுக்கணும்?"

அதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு பட்டனுக்கு இவ்வளவு பதற்றமா என்று என் மகள் சிரித்தாள். அவளுக்கென்ன தெரியும்? நான் பயந்தாங்கொள்ளி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேஸ் அடுப்பை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ரகம். அந்தப் பயத்தை வைத்துத்தான் இத்தனை காலம் சோறு சாப்பிட்டேன். பாட்டை வாத்தியங்களுக்கு எழுதுகிற வேலை எனக்கு. தாளில் ஒரு புள்ளி ஒரு கோடு தள்ளி விழுந்தால் மேடையில் அத்தனை பேர் முன்னால் யாரோ ஒருவர் தலைகுனிந்து நிற்பார். அந்த யாரோ பெரும்பாலும் நானாக இருக்க மாட்டேன் என்பதுதான் இன்னும் பெரிய பயம்.

அப்பா ரயில்வேக்காரர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். கன்னியர் மடத்துப் பள்ளியில் சிஸ்டர்கள் பியானோ சொல்லிக் கொடுத்தார்கள், மாதாகோயில் பாடற்குழுவில் பாடினேன், சங்கீதப் பரீட்சைகள் எழுதினேன். அப்புறம் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் இசைத்தாள் எழுதும் வேலை கிடைத்தது. கூடத்துக்குச் சொந்தமாக ஒரு இசைக்குழு இருந்தது. வருஷ ஒப்பந்தத்தில் பாடகர்கள் இருந்தார்கள். கல்யாணம், கோயில் திருவிழா, மேடை நிகழ்ச்சி என்று கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரைக்கும் சுற்றினோம். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான். உண்மையில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் மிஸ்டர் சாமுவேல் என்னை நடுங்க வைத்ததில்தான்.

அவர் எங்கள் இசைப் பிரிவின் தலைவர். கிள்ளான் மெதடிஸ்ட் குடும்பம். எப்போதும் வெள்ளைச் சட்டை, ஃபிளாஸ்க்கில் பார்லி தண்ணீர். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் உயரும், இவருக்கு இறங்கும். "ரீத்தா, கொஞ்சம் வாங்க" என்று காதில் விழாத குரலில் கூப்பிட்டால் தாளை இன்னொரு தரம் சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். தாளைப் படிக்கும்போது வலது கை இரண்டு விரலைத் தொண்டையில் வைத்துக்கொள்வார். சத்தம் வராது. ஆனால் அந்தத் தொண்டை பாட்டோடு ஏறி இறங்குவது தெரியும். எங்கேயாவது விரல் நின்றுவிட்டால், செத்தோம், அங்கே தப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

எந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு போனாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார். "என்ன வேலை இது?" அதற்குச் சரியான சொல்லைச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் தாளைப் பார்க்காமலே திருப்பித் தந்துவிடுவார். இது என்ன ஸ்கூலா என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல். பழைய நாடகப் பாடகர் ஒருவரின் கேசட்டைக் கேட்டு எழுதித் தரச் சொன்னார் ஒருமுறை. அவர் ஓரிடத்தில் சுருதி கொஞ்சம் விலகிப் பாடியிருந்தார். நான் அதை நேராக்கி அழகாக எழுதிக் கொண்டுபோனேன். டிரான்ஸ்கிரிப்ஷன் சார் என்றேன். விரல் நின்றது. "அவர் பாடினது இதுவா, இல்ல நீங்க ஆசைப்பட்டதா?" என்று கேட்டார். கேட்டதைக் கேட்டபடி எழுதுவதுதான் டிரான்ஸ்கிரிப்ஷன், அங்கே நம் கை வேலைக்கு இடமே கிடையாது என்று அன்றைக்குப் புரிந்தது. டிரான்ஸ்போஸ் என்றால் பாட்டு அப்படியே இருக்கும், சுருதி மட்டும் ஏறும் அல்லது இறங்கும். பெரிய குழுவுக்கு எழுதியதை ஒரு கீபோர்டுக்குள் அடக்கினால் அது ரிடக்ஷன். அரேஞ்ச்மென்ட் என்றால் கதையே வேறு. எதை யார் எடுப்பது, எதை விடுவது, எங்கே சும்மா இருப்பது என்று நாம் முடிவு செய்கிறோம். வீட்டில் பாகம் பிரிக்கிற மாதிரி. யாருக்காவது மனத்தாங்கல் வராமல் இருக்காது.

இன்னொரு பழக்கமும் அவர் வைத்திருந்தார். வாத்தியத்துக்கு எழுதும் தாளிலும் பாட்டு வரியைக் கீழே எழுத வேண்டும். புல்லாங்குழலுக்குச் சொல் எதற்கு, அது பேசவா போகிறது என்று வெளியாட்கள் சிரிப்பார்கள். எங்கள் ஆட்களே முணுமுணுப்பார்கள். அவர் அசைய மாட்டார். எழுதுவதற்கு முன்னால் பாடகரை உட்கார வைத்து வரிகளைப் பாடாமல் பேசச் சொல்வார். எங்கே மூச்சு வாங்குகிறார்களோ அங்கே பென்சிலால் ஒரு சின்ன கமா போட வேண்டும். அந்த கமாதான் எங்கள் மூச்சுக் குறி. அது இல்லாமல் ஒரு தாளும் அவர் மேசையைத் தாண்டாது.

கமலவேணி அக்கா எங்கள் கூடத்தின் முதல் குரல். நான் சேரும்போதே பெயர் வாங்கியிருந்தார். அவருடைய ரயில் பாட்டு ஒன்றைக் கேட்காத தமிழ் வீடு அந்தப் பக்கம் இல்லை என்று சொல்லலாம். ரயில்வே வேலைக்குப் போன புருஷனுக்காக வாசலில் காத்திருக்கும் பெண் பாடுவது. 'வண்டி வரும் நேரமாச்சு, வாசலிலே நானாச்சு' என்று பல்லவி கீழே இறங்கி முடியும். கடைசிச் சரணத்தில் 'கடைசி ரயிலும் போயாச்சு, கதவை இன்னும் சாத்தலை' என்று உச்சிக்குப் போகும். அந்த உச்சிக்காகத்தான் ஜனங்கள் வருவார்கள். எங்கள் அம்மா சமையலறையில் அந்த இடம் வந்ததும் கரண்டியை வைத்துவிட்டு நிற்பார்.

அக்காவுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி வந்து ஆபரேஷன் நடந்தது. குரலுக்கு ஏதாவது ஆகலாம் என்று டாக்டர்கள் முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, அதுவே பெரிய விஷயம். நாலைந்து மாதம் ஓய்வு என்று சொல்லி வீட்டில் இருந்தார். இந்த இடைவெளியில் முதலாளிக்கு வேறு யோசனை வந்துவிட்டது. சுங்கை பூலோவிலிருந்து ஒரு இளம் பாடகி வந்து பாடிக் காட்டினாள். நன்றாகத்தான் பாடினாள், குறை சொல்ல முடியாது. கிள்ளான் மண்டபத்தில் எங்கள் வருஷாந்திர நிகழ்ச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் கமலவேணி பாடட்டும், பார்த்துவிட்டு ஒப்பந்தத்தைப் பற்றி முடிவு சொல்கிறேன் என்று முதலாளி சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அக்காவுக்கும் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அடுத்த நாள் மத்தியானம் அக்கா என்னைக் கீழே வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூப்பிட்டார். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. மெல்லிய குரலில் ரயில் பாட்டைப் பாடிக் காட்டினார். பக்கத்து மேசையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு சின்னக் குரல். மேலே 'கதவை' என்று போனதும் வெறும் காற்றுதான் வந்தது.

"கட்டையைக் குறைச்சிடலாம்க்கா" என்றேன். நம் பாடகர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். எண் குறைந்தால் சுருதி இறங்குகிறது என்று அர்த்தம்.

"குறைச்சா கீழ போயிடுது ரீத்தா. 'நானாச்சு' கிடைக்கல. மேலயும் போச்சு, கீழயும் போச்சு. நடுவுல கொஞ்சம்தான் மிச்சம்."

பிறகு விஷயத்துக்கு வந்தார். மேல் வரியை மட்டும் ஏதாவது ஒரு வாத்தியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். புதுசாக ஏதோ அலங்காரம் செய்த மாதிரி இருக்க வேண்டும். யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமாக முதலாளிக்கும் சாமுவேலுக்கும் தெரியக் கூடாது. "பாட்டை விட்டா எனக்கு என்ன தெரியும், சொல்லு" என்று கேட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது. இலையை மடித்தேன்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேனே தவிர, மாடிப்படி ஏறும்போதே பயம் பிடித்துக்கொண்டது. சாமுவேலுக்குத் தெரியாமல் ஒரு தாளை அனுப்புவதா? அது நடக்கிற காரியமா? இன்னொரு கவலையும் இருந்தது. வாத்தியம் வாசித்தால் சொல் போய்விடும். 'கதவை இன்னும் சாத்தலை' என்ற சொல் இல்லாமல் அந்த ராகம் மட்டும் எதற்கு? அதைக் கேட்கத்தானே ஜனங்கள் வருகிறார்கள்?

கிளாரினெட்டுக்குத்தான் கொடுத்தேன். ஹமீது அண்ணன் எங்கள் கிளாரினெட்காரர். மஸ்ஜித் இந்தியா பக்கம் ஜவுளிக்கடைக் குடும்பம். துணி அளக்க மாட்டேன், ஊதத்தான் செய்வேன் என்று வீட்டில் சண்டை போட்டு வந்தவர். அதிகம் பேச மாட்டார். அவர் வாசித்தால் மனிதர் பாடுகிற மாதிரியே இருக்கும். கிளாரினெட் மேலேயும் போகும், கீழே இறங்கினாலும் தேன் மாதிரி நிற்கும். மேல் வரியை அவருக்கு எழுதி, அதற்கு முன்னாலும் பின்னாலும் அக்கா மூச்சு வாங்கிக்கொள்ள இடம் விட்டேன். பழக்க தோஷம், கீழே பாட்டு வரியையும் எழுதினேன், மூச்சுக் குறியும் போட்டேன்.

தாளை சாமுவேல் மேசைக்குக் கொண்டுபோனேன். என்ன வேலை என்று கேட்டார். அரேஞ்ச்மென்ட் சார் என்றேன். அது பொய்யில்லை. விரல் தொண்டைக்குப் போனது. பல்லவி தாண்டினார், முதல் சரணம் தாண்டினார். கடைசிச் சரணத்தில் விரல் நின்றது. வெகு நேரம் நின்றது. பார்லி தண்ணீரை ஒரு வாய் குடித்தார். பிறகு அந்த இறங்கிய குரலில் கேட்டார்:

"ஹமீதுக்கு இங்க மூச்சு தேவையே இல்ல. இது யாரோட மூச்சு?"

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அக்காவைக் கூட்டி வரச் சொன்னார்.

அந்தச் சின்ன அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். வரிகளைப் பேசச் சொன்னார். அக்கா பேசினார். பேச்சுக் குரல் அப்படியே பழைய குரல்தான், அதில் ஒரு குறையும் இல்லை. அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. சாமுவேல் கண்ணை மூடிக் கேட்டார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. மறைக்காதே அம்மா, ஹமீதை முன்னால் கொண்டு வந்து உன் பக்கத்தில் நிற்க வைக்கிறேன், இரண்டு பேர் பாட்டாகப் போய்விடும் என்றார். மறைத்தால் ஜனங்கள் உன் தப்புக்குத்தான் காத்திருப்பார்கள் என்றார். அக்கா பிடிவாதமாக மறுத்துவிட்டார். முன்வரிசையில் முதலாளி உட்கார்ந்திருப்பார், நொண்டிக்குக் கோல் கொடுத்த மாதிரி ஒருத்தரைப் பக்கத்தில் நிறுத்தினால் அங்கேயே என் கதை முடிந்தது என்றார். கடைசியில் ஹமீது அண்ணன் வழக்கம்போல் பின்வரிசையில் உட்காருவது, அங்கிருந்தே வாசிப்பது என்று முடிவானது. தாளில் கையெழுத்துப் போட்டார் சாமுவேல். முகத்தில் திருப்தி இல்லை.

நிகழ்ச்சியன்று காலையில் அக்கா போன் செய்தார். குரல் இன்னும் கம்மியிருந்தது. ஐந்து கட்டையில் ஒத்திகை பார்த்தோம், இன்றைக்கு நாலரைக்கு இறக்கி விடு, 'நானாச்சு' அதுவரைக்கும் கிடைக்கும், இல்லாவிட்டால் நடுப்பகுதியே வராது என்றார். மேடைக்காரர்களுக்கு இது சகஜம். தொண்டை காலையில் எப்படி விழித்ததோ அப்படித்தான் அன்றைய சுருதி. ஆனால் தாள்கள் அத்தனையும் மாற வேண்டும். நான் கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அரைக் கட்டை இறக்கி அச்செடுத்தேன். கிளாரினெட்டில் தாளில் எழுதுகிற சுரம் ஒன்று, வெளியே வருகிற சுரம் வேறு, அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். மண்டபத்தில் மற்றவர்கள் ஒத்திகையை ஆரம்பித்துவிட்டார்கள். ஃபெடரல் ஹைவேயில் ஜாம். காருக்குள் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப எண்ணினேன்.

நான் போவதற்குள் அக்காவும் கீபோர்டும் தபேலாவும் மட்டும் பழைய தாளை வைத்தே ஒருமுறை பாட்டை ஓட்டிப் பார்த்திருந்தார்கள். கீபோர்டு வாசிப்பவர் ஆ சியோங், நல்ல கைக்காரர். கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் விரல் பழைய இடத்திலேயே இருக்கும், சத்தம் மட்டும் இறங்கி வரும். தாள் வரவில்லையே என்று அவர் அந்தப் பட்டனைப் போட்டு அரைக் கட்டை இறக்கி வாசித்திருக்கிறார். பிறகு நான் போய்ப் புதுத் தாளைக் கொடுத்தேன். மறுபடி ஓட்டிப் பார்க்க நேரமில்லை, தாளை மட்டும் மாற்றி வைத்தார். பட்டனை எடுக்க மறந்துவிட்டார்.

அது எனக்கு எப்போது தெரிந்தது? திரை விலகி, விளக்கு எரிந்து, கூட்டம் கைதட்டி, அக்கா மைக் முன்னால் வந்து நின்ற பிறகு. மேடை ஓரத்தில் சாமுவேலும் நானும் நின்றோம். ஆ சியோங்கின் கீபோர்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். புதுத் தாள் நாலரையில் இருக்கிறது. பட்டன் அதையும் இறக்குகிறது. வருவது நாலு கட்டை! தொடக்க இசை கீபோர்டுக்கு மட்டும்தான். அதைக் கேட்டுத்தான் அக்கா சுருதி எடுப்பார். முதல் சரணம் வரைக்கும் கீபோர்டும் தபேலாவும்தான், நடுவில் கிளாரினெட் கொஞ்சம். மற்ற எல்லாரும் இடையிசையில்தான் சேர்வார்கள், சேரும்போது நாலரையில் சேர்வார்கள்.

நான் மேடைக்குள் ஓடப் பார்த்தேன். சாமுவேல் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அசையாதீங்க ரீத்தா. இப்ப பட்டனை எடுத்தா அவங்க காலை வாரின மாதிரி ஆயிடும்."

பிடியை அவர் விடவே இல்லை.

அக்கா ஆரம்பித்தார். நாலு கட்டையில், பாவம், ஒன்றும் தெரியாமல். 'வண்டி வரும் நேரமாச்சு' சுமாராக வந்தது. 'வாசலிலே' என்று இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. 'நானாச்சு' அந்தச் சுருதியில் அவருக்குக் கிடைக்காது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மண்டபத்தில் அந்த ஒரு சொல்லுக்கு உண்டான இடம் வெறிச்சென்று கிடந்தது. முன்வரிசையில் முதலாளி நாற்காலியில் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

பல்லவியை இரண்டு தரம் பாடுவது வழக்கம். அக்கா திரும்ப எடுத்தார். முகம் வெளுத்துவிட்டது. மறுபடி 'வாசலிலே' என்று இறங்கினார், மறுபடி உதடு அசைந்தது. இந்த முறை பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. 'நானாச்சு.' கிளாரினெட்!

ஹமீது அண்ணன் எழுந்து நின்றிருந்தார். அவர் தாளில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. நான் எழுதவில்லை. வரி மட்டும்தான் கீழே இருந்தது, அவர் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வதற்காக. அந்த மனிதர் அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டு, சுருதி இறங்கியிருப்பதையும் காதாலேயே பிடித்து, அந்தச் சொல்லை ஊதிவிட்டார். நல்ல வேளை, நாலு கட்டை கிளாரினெட்டுக்குச் சுலபமான சுருதி. ஊதிக்கொண்டே வயலின்காரர்களுக்கு நடுவில் நடந்து முன்னால் வந்தார். அக்காவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

முடிந்தது போ என்று நினைத்தேன். யாருக்குத் தெரியக் கூடாது என்று மறைத்தோமோ, அவர் கண் முன்னாலேயே எல்லாம் அம்பலம். அக்கா திரும்பி ஹமீது அண்ணனைப் பார்த்தார். கோபமா, பயமா, எனக்குத் தெரியவில்லை. பிறகு முதல் சரணத்தை எடுத்தார். கீழே இறங்குகிற இடமெல்லாம் அவரைப் பார்த்தார், அவர் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அக்கா பாடுவது எங்கே முடிகிறது, கிளாரினெட் எங்கே ஆரம்பிக்கிறது என்று எழுதிய எனக்கே பிடிபடவில்லை.

இடையிசை வந்தது. கீபோர்டுக்கு அங்கே கொஞ்சம் ஓய்வு. ஆ சியோங் பட்டனைத் தட்டினார், சிவப்பு விளக்கு அணைந்தது. குழு முழுதும் நாலரையில் எழுந்தது. அரைக் கட்டை ஏறியது கேட்பவர்களுக்கு வேண்டுமென்றே செய்த மாதிரி இருந்தது. சிலர் கைதட்டினார்கள். நான் ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் சாய்ந்துகொண்டேன். இன்னும் கடைசிச் சரணம் இருந்தது.

'கடைசி ரயிலும் போயாச்சு.' அதை அக்கா பாடினார். அடுத்தது உச்சி. ஒத்திகையில் அந்த இடத்தில் மைக்கை விட்டு ஒரு அடி பின்னால் போய் நின்றுகொள்வார், கிளாரினெட் வாசிக்கும். அன்றைக்கு அவர் பின்னால் போகவில்லை. ஹமீது அண்ணன் மேலே ஏறினார், பழைய கமலவேணி குரல் எப்படி ஏறுமோ அப்படியே. அக்கா மைக்கிடம் நெருங்கி, பாடாமல், வாசலில் நிற்கும் யாரிடமோ சொல்வது போல வெறும் பேச்சாகச் சொன்னார்:

"கதவை இன்னும் சாத்தலை."

மண்டபத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பக்கத்தில் பார்த்தேன். சாமுவேல் விரலைத் தொண்டையிலிருந்து எடுத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சி முடிந்து முதலாளி மேடைக்குப் பின்னால் வந்தார். ஆ சியோங் ஏற்கெனவே சாரி சாரி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு மூலையில் நின்றார். முதலாளி அவரைக் கவனிக்கவே இல்லை. நேராக சாமுவேலிடம் போய், இது ஒத்திகையில் இல்லையே, யார் செய்த அரேஞ்ச்மென்ட், இதற்கு என்ன பேர் என்று கேட்டார். எங்களையெல்லாம் ஒரு சொல்லுக்காக ஆட்டிவைத்த மனிதர் வாயைத் திறந்தார், மூடினார். அவரிடம் சொல் இல்லை. என்னைப் பார்த்தார். என்னிடம் மட்டும் இருக்குமா?

அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார்.

"பாடினது நான்தான் முதலாளி. எனக்கு எட்டாத இடத்தை ஹமீது பாய் பாடினார். ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு மேல குரல் இல்ல, கீழயும் இல்ல. இனிமே இப்படித்தான். வேணும்னா வெச்சுக்குங்க, வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

எதை மறைக்க இத்தனை நாள் சோறு தண்ணி இல்லாமல் தவித்தோமோ, அதை அவரே போட்டு உடைத்துவிட்டார். முதலாளி ஹமீது அண்ணனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு சாமுவேல் பக்கம் திரும்பினார்.

"அடுத்த ஷோவுக்குப் பாயை முதல்ல இருந்தே முன்னால நிக்க வைங்க. அப்புறம் நடந்து வந்தா கேமராவை மறைக்குது லா."

அவ்வளவுதான் சொன்னார், போய்விட்டார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஹமீது அண்ணன் கிளாரினெட்டைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, அடுத்த தரம் கீழ்ப் பகுதியையும் எழுதிக் கொடுத்துவிடு ரீத்தா, கும்மிருட்டில் துழாவுகிற மாதிரி இருந்தது என்றார். அதற்குப் பிறகு அக்கா பாடிய காலம் வரைக்கும் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் நின்றார்கள். சுங்கை பூலோப் பெண்ணும் வேலைக்கு வந்தாள், அவளுக்கும் பாட்டு இருந்தது. எனக்கு மட்டும் இன்றைக்கும் யாராவது கீபோர்டு முன்னால் உட்கார்ந்தால் முதலில் அந்தச் சிவப்பு விளக்கைத்தான் பார்ப்பேன். கல்யாண வீட்டில் சாப்பாடு கூட இறங்காது.

இதையெல்லாம் வாட்சப்பில் எப்படித் தட்டுவது? பிரவீனுக்கு ஒரே ஒரு பதில்தான் அனுப்பினேன். "ஒரு பட்டனையும் தொடாதே. பாடுற பிள்ளைக்குப் போன் போடு. பாடச் சொல்லாதே, வரியைச் சும்மா பேசச் சொல்லு. எங்க மூச்சு வாங்குதுன்னு கேளு."

இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சாயங்காலம் முழுக்கப் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். துணி மடிக்கும்போது டிங் என்றது.

"பேசச் சொன்னேன் ஆன்டி. அழுதுட்டா. ரெண்டு மாசமா மேல குரல் வரலியாம், குழுவுல இருந்து எடுத்துடுவோம்னு பயந்து யார்கிட்டயும் சொல்லல. இப்ப என்ன செய்யறது?"

கையிலிருந்த துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அந்தக் குழுவில் ஒரு வயலின்காரர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் எந்த வரிசையில் உட்காருவார் என்று திருப்பிக் கேட்டேன்.